வெயில் விழும் அறை

மூட்டை முடிச்சு – 11

ஊட்டியில் ரூம் போடும்போது எங்கள் பக்கத்து ஆட்கள் கேட்கும் முதல் கேள்வி, “வியூ இருக்கா?” என்பதுதான். தப்பு சொல்ல முடியாது. தண்டையார்பேட்டையில் ஜன்னலைத் திறந்தால் எதிர்வீட்டுச் சமையலறை தெரியும். கொஞ்சம் யோகம் இருந்தால் டி.எச். ரோடு தெரியும், அதில் நகராமல் நிற்கும் கன்டெய்னர் லாரி தெரியும். வருஷத்தில் ஒரு நாளாவது மலை முகத்தில் விழிக்க வேண்டும் என்று ஆசைப்படுவது நியாயம்தான். ஆனால் புரட்டாசி, ஐப்பசியில் மலை ஏறுகிறவர்கள் இந்தக் கேள்வியைக் கடைசிக்குத் தள்ளிவிடலாம். எவ்வளவு காசு கொடுத்து வாங்கிய வியூவாக இருந்தாலும், பதினோரு மணிக்கு ஒரு மேகம் வந்து ஜன்னலில் உட்கார்ந்தால் அன்றைக்கு அவ்வளவுதான். அப்புறம் மிச்சம் இருப்பது நாலு சுவரும் ஒரு கம்பளியும்.

வடசென்னைக்கு இது கிளம்புகிற காலம். பிள்ளைகளுக்குக் காலாண்டு லீவு. பட்டறைகளிலும் கம்பெனிகளிலும் ஆயுதபூஜைக்குப் பொரி கடலை கொடுத்து மிஷினுக்கு மாலை போட்டுவிட்டால் இரண்டு நாள் ஓய்வு. காசிமேட்டு வியாபாரிகளுக்கு ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலம் ஒரு மந்தம் என்றால், ஊரே கவுச்சியை ஒதுக்கி வைக்கும் புரட்டாசி இன்னொரு மந்தம். நீலகிரியில் இதை ‘ரெண்டாவது சீசன்’ என்பார்கள். இந்தச் சீசனுக்கென்றே தாவரவியல் பூங்காவில் தனியாக நாற்று விட்டுத் தொட்டி தொட்டியாகப் பூ அடுக்குவார்கள். மே மாதக் கூட்டம் இருக்காது, மே மாத வாடகையும் இருக்காது. ஆயுதபூஜை சனி ஞாயிறோடு ஒட்டிக்கொண்டு வந்தால் மட்டும் இரண்டும் திரும்பி வந்துவிடும்.

மழைநாளில் ஊட்டிக்குப் போய் மாட்டிக்கொண்டவர்களில் நமக்கெல்லாம் மூத்தவர் ஒருவர் உண்டு. மெக்காலே. 1834 ஜூனில் மதராஸில் வந்து இறங்கினார். கவர்னர் ஜெனரல் பென்டிங்க் அப்போது ஊட்டியில் தங்கியிருந்ததால், பல்லக்கில் ஏறி மலைக்கே போனார். பென்டிங்க் வாடகைக்கு எடுத்திருந்த கட்டடம், சர் வில்லியம் ரம்போல்டு என்பவர் 1830களின் தொடக்கத்தில் ஓட்டல் நடத்துவதற்கென்று கட்டியது. இன்றைய ஊட்டி கிளப் அதுதான். மெக்காலே போன நேரம் தென்மேற்குப் பருவமழை பிடித்துக்கொண்டது. நூறு கஜத்துக்கு அப்பால் ஒன்றும் தெரியவில்லை, மாதம் முழுக்க இரண்டு மணி நேரம்கூடக் காலாற நடக்கக் கிடைக்கவில்லை என்று ஊருக்குக் கடிதம் எழுதினார். நல்லவேளை, கையோடு ‘கிளாரிஸா’ நாவலின் பாகங்களைக் கொண்டுபோயிருந்தார். அதை அங்கிருந்த துரைமார்களும் துரைசானிகளும் அடித்துப் பிடித்துக்கொண்டு படித்த கதையை எழுத்தாளர் தாக்கரே பின்னாளில் எழுதி வைத்திருக்கிறார். நம் தலையெழுத்தை மாற்றிய கல்விக் குறிப்பை மெக்காலே எழுதியது அடுத்த வருஷம். மலையில் ரூமுக்குள் அடைந்து கிடந்த எரிச்சலும் அதில் கொஞ்சம் இருக்குமோ என்று எனக்கு ஒரு சந்தேகம், சந்தேகம்தான்.

சரி, அறைக்கு வருவோம். எதிர்வீட்டு அக்கா வீட்டில் ஊட்டிக்குப் போவதாக முடிவு. வீட்டுக்காரர் ஹார்பரில் வேலை பார்த்து ரிட்டையர் ஆனவர். முட்டி வலி, பனிக்காலம் வந்தால் வீசிங். மகன், மருமகள், பேரப்பிள்ளைகள், நாத்தனார் குடும்பம் என்று ஒரு டெம்போ டிராவலர் நிறைகிற கூட்டம். அக்கா போனை ஸ்பீக்கரில் போட்டு லாட்ஜுக்காரரிடம் பேசினார்.

“ரூம் எத்தினாவது மாடி?”

“செகண்ட் ஃப்ளோருங்க மேடம்.”

“லிஃப்ட் கீதா?”

“லிஃப்ட் இல்லீங்க. ஆனா நீங்க மாடி ஏற வேண்டியதே இல்லீங்க.”

அக்கா போனைக் கையால் பொத்திக்கொண்டு என்னைப் பார்த்தார். நான் வாங்கி, “ரோட்டுலேர்ந்து கீழயா?” என்று கேட்டேன்.

“ஆமாங்க சார். ரிசப்ஷன் ரோட்டு மட்டத்துலீங்க. ரூமு அதுக்குக் கீழ ரெண்டாவது ஃப்ளோருங்க. ஒரு நாப்பது படி இருக்குமுங்க.”

“ஏறவே வேணான்றாரு,” என்றார் அக்கா. “அப்போ காலைல டீ குடிக்க மேல வரது ஆரு, அவங்க தாத்தாவா?”

மலை ஊரில் கட்டடம் சாலையிலிருந்து மேலே போவதைப் போலவே கீழேயும் போகும். நம் ஊரில் மாடி எண்ணிக்கை தரையிலிருந்து மேல்நோக்கித்தான். அங்கே அது இரண்டு திசையிலும் ஓடும். லாட்ஜுக்காரர் பொய் சொல்லவில்லை. அவர் ஊர் வழக்கப்படி பதில் சொன்னார், நாம் நம் ஊர் வழக்கப்படி கேட்டோம். ஆகவே “எத்தனையாவது மாடி” என்று கேட்காதீர்கள். “வண்டி நிற்கிற இடத்திலிருந்து கட்டில் வரைக்கும் எத்தனை படி, ஏற்றமா இறக்கமா” என்று கேளுங்கள். ஊட்டி 2,240 மீட்டர் உயரம். காற்றழுத்தம் கடல் மட்டத்தில் இருப்பதில் முக்கால் பங்குக்குச் சற்றே கூடுதல். கடற்கரை ஓரத்திலேயே பிறந்து வளர்ந்த நுரையீரலுக்கு நாற்பது படி முதல் நாள் நூறு படியாகத்தான் தெரியும்.

படியோடு விஷயம் முடியவில்லை. சரிவை வெட்டிக் கட்டிய கட்டடத்தில், சாலைக்குக் கீழே இருக்கும் அறைகளின் பின்சுவர் மண்ணை முட்டிக்கொண்டு நிற்கும். மழை பெய்தால் மண்ணுக்குள் இறங்கும் தண்ணீர் அந்தச் சுவருக்குத்தான் வரும். ஒழுங்காகக் கட்டியவர்கள் சுவருக்கும் மண்ணுக்கும் நடுவே இடைவெளி விட்டு, தண்ணீர் வடிய ஓட்டை வைத்து, கால்வாய் எடுத்திருப்பார்கள். மற்றவர்கள் ஈரத்தை மறைக்கச் சீசனுக்குச் சீசன் பெயின்ட் அடிப்பார்கள், அல்லது அந்தச் சுவரில் பலகை அடித்துவிடுவார்கள். போட்டோவில் பலகைச் சுவர் மிக அழகாக இருக்கும். நேரில் போனால் அலமாரியைத் திறந்து மோந்து பாருங்கள். கட்டில் தலைமாட்டுக்குப் பின்னால், தரையை ஒட்டி, பெயின்ட் கொப்பளித்திருக்கிறதா என்று குனிந்து பாருங்கள். கம்பளியை இரண்டு கைக்கும் நடுவில் வைத்து அழுத்திப் பிடித்தால் காய்ந்ததா, வெறும் சில்லிப்பா, ஈரமா என்று தெரிந்துவிடும். ரூம் பாய் ஒரு மாதிரி பார்ப்பார். பார்க்கட்டும். வீசிங் இருக்கிறவருக்குக் குளிரைவிட இந்தப் பூஞ்சை வாடைதான் எமன்.

இதற்கெல்லாம் மருந்து வெயில். அதனால்தான் வியூவுக்குப் பதிலாக நான் கேட்கச் சொல்லும் கேள்வி இது: “ரூமுக்குள்ள வெயில் எத்தனை மணிக்கு வரும்?” அந்த அறையைத் தினமும் பெருக்குகிறவருக்கு இதற்குப் பதில் தெரியும். “ஏழரைக்கெல்லாம் கட்டில் மேல அடிக்குமுங்க” என்று சொன்னால் கண்ணை மூடிக்கொண்டு போடலாம். “வெயிலா சார்?” என்று இழுத்தால் அது வடக்கு பார்த்த அறை, இல்லையென்றால் எதிரே இன்னொரு லாட்ஜ் எழும்பிவிட்டது என்று அர்த்தம்.

இடம் பார்ப்பதிலும் ஒரு கணக்கு உண்டு. பஸ் ஸ்டாண்டு, ரயில் நிலையம், ரேஸ் கோர்ஸ், ஏரி எல்லாம் ஊட்டியின் பள்ளத்தில் இருக்கின்றன. இறங்கினதும் ரூம், கடைகண்ணி பக்கம், வாடகையும் குறைவு. ஆனால் குளிர்ந்த காற்று கனமானது. இரவில் சரிவுகளிலிருந்து இறங்கி வந்து பள்ளத்தில்தான் தேங்கும். நவம்பர் பிறந்து உறைபனி விழத் தொடங்கினால் ரேஸ் கோர்ஸ், காந்தல், தலைகுந்தா போன்ற தாழ்ந்த இடங்களில் புல் வெளுத்துப் போவதற்குக் காரணம் இதுதான். மேட்டில் இருந்தால் குளிர் அதிகம் என்று நாம் நினைப்போம். விடியற்காலையில் நிலைமை தலைகீழ். பள்ளத்துக்கு இன்னொரு தொல்லையும் உண்டு. நகரத்துக் கழிவையெல்லாம் சுமந்துகொண்டு கோடப்பமந்து கால்வாய் அந்த வழியாகத்தான் ஏரிக்குப் போகிறது. பக்கிங்காம் கால்வாய் ஓரம் குடியிருக்கும் நம் ஆட்களுக்கு அந்த வாசனையை விளக்க வேண்டியதில்லை. காசு கொடுத்து அதை மறுபடி எதற்கு? எல்க் ஹில், ஃபெர்ன்ஹில், ஃபிங்கர்போஸ்ட் பக்கம் சரிவின் நடு இடுப்பில் கிடைக்கும் அறை உத்தமம். உச்சியும் வேண்டாம், அடிவாரமும் வேண்டாம்.

மாதத்தைப் பார்த்து ஊரை மாற்றுகிறவர்கள் கெட்டிக்காரர்கள். நீலகிரியின் மேற்குப் பக்கம், கூடலூர், அவலாஞ்சி எல்லாம், தென்மேற்கு மழையில் நனையும். கிழக்குப் பக்கம், குன்னூர், கோத்தகிரி, கேத்தி எல்லாம், நம்மைப் போல ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்கு மழையை வாங்கும். 2009 நவம்பரில் கேத்தியில் ஒரே நாளில் 82 சென்டிமீட்டர் கொட்டியது. அந்த மழையில் மண்சரிந்து நாற்பது பேருக்கு மேல் இறந்தார்கள். ஆகவே புரட்டாசிக்குக் கோத்தகிரி, குன்னூர் சுகம். ஊட்டியைவிட உயரம் குறைவு என்பதால் குளிரும் தாங்கும். ஐப்பசி பாதிக்கு மேல் அந்தச் சரிவுகளில் தொங்கும் காட்டேஜ்களைத் தேடிப் போகாதீர்கள். மலைரயிலையும் அந்த நாட்களில் முழுசாக நம்ப முடியாது. தண்டவாளத்தில் மண் சரிந்தால் நிறுத்திவிடுவார்கள். ரூமை ரத்து செய்தால் காசு திரும்புமா என்பதை மழைக்கு முன்னாலேயே கேட்டு, பதிலை வாட்ஸ்அப்பில் எழுத்தாக வாங்கிக்கொள்ளுங்கள்.

சுடுதண்ணீர் எல்லா லாட்ஜிலும் உண்டு. எப்போது, எதிலிருந்து என்பதுதான் சங்கதி. குளியலறைக்குள்ளேயே கீசர் இருந்தால் கவலையில்லை. மொத்தக் கட்டடத்துக்கும் ஒரே பாய்லர் என்றால் காலையில் குறிப்பிட்ட நேரத்துக்குத்தான் விடுவார்கள், கடைசிக் குழாயில் இருப்பவருக்கு வெதுவெதுப்புதான் மிஞ்சும். சோலார் என்றால், மூன்று நாள் மூடுபனி போட்ட பிறகு அது தொட்டித் தண்ணீர், அவ்வளவே. தெருக் கைப்பம்பிலும் லாரித் தண்ணீரிலும் வரிசை கட்டிப் பழகியவர்கள் நாம். தொட்டி எத்தனை மணிக்கு நிரம்பும் என்று கேட்க நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம். குடிதண்ணீர் தனி. மாவட்டத்துக்குள் பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டிலுக்குத் தடை. கல்லாறு, பர்லியாறு சோதனைச் சாவடியில் வண்டியில் ஏறிப் பார்த்து எடுத்து வைத்துவிடுவார்கள். காய்ச்சிய தண்ணீர் ரூமுக்குத் தருவார்களா என்று கேட்டுவிட்டு, வீட்டிலிருந்து எவர்சில்வர் பாட்டிலோடு கிளம்புங்கள். புரட்டாசி விரதக்காரர்கள் இன்னொன்றும் கேட்டுக்கொள்ள வேண்டும்: சமையலறை ஒன்றா, இரண்டா.

இந்த இடத்தில் மட்டும் கொஞ்சம் கடுமையாகவே சொல்கிறேன். குளிருக்கு இதமாக இருக்கும் என்று கரி அடுப்பை, பார்பெக்யூ சட்டியை அறைக்குள் கொண்டுவராதீர்கள். அறைக்காரரே கொண்டுவந்து கொடுத்தாலும் வேண்டாம். கொடைக்கானலில் அப்படி வைத்துவிட்டுத் தூங்கியவர்கள் காலையில் எழுந்திருக்கவில்லை. கதவும் ஜன்னலும் சாத்திய அறையில் கனல் எரியும்போது கார்பன் மோனாக்சைடு உண்டாகும். அதற்கு நிறம் கிடையாது, வாசனை கிடையாது. ரத்தத்தில் ஆக்சிஜன் உட்கார வேண்டிய இடத்தில் அது உட்கார்ந்துகொள்ளும். தலை கனக்கிறது, தூக்கம் வருகிறது என்று படுப்பதோடு சரி. எண்ணூரில் உரத் தொழிற்சாலைக் குழாயிலிருந்து அமோனியா கசிந்த 2023 டிசம்பர் இரவில் ஜனங்கள் எழுந்து ஓடித் தப்பியதற்குக் காரணம் மூக்கு. இந்த வாயுவில் மூக்கு உதவாது. மின்சார ஹீட்டர் தருவார்கள், தனிக் கட்டணம் கேட்பார்கள், கொடுத்துவிடுங்கள்.

‘காட்டுக்கு நடுவில் ரிசார்ட், வாசலில் யானை’ என்று வரும் விளம்பரங்களைப் பற்றி எனக்கு நல்ல அபிப்பிராயம் கிடையாது. சீகூர் யானை வழித்தடத்தில் ரிசார்ட்டுகள் கூடாது என்ற சென்னை உயர் நீதிமன்றத் தீர்ப்பை உச்ச நீதிமன்றம் 2020 அக்டோபரில் உறுதி செய்தது. மூன்றே மாதத்தில் மசினகுடியில் ஒரு தங்கும் விடுதிப் பக்கம் வந்த யானையின் மேல் எரியும் டயரை வீசினார்கள். அந்த யானை செத்துப்போனது. அதன் பிறகு அனுமதி இல்லாத விடுதிகளுக்கு வரிசையாக சீல் விழுந்தது. மலையில் ஒரு ஓட்டலுக்கு எத்தனை மாடி என்பது சின்ன விஷயமும் அல்ல. கொடைக்கானலில் இரண்டு மாடிக்கு மேல் கூடாத இடத்தில் ஏழு மாடி எழுப்பிய பிளசன்ட் ஸ்டே ஓட்டலுக்கு விதிவிலக்கு கொடுத்த வழக்கில், 2000 பிப்ரவரி 2 அன்று ஜெயலலிதாவுக்குத் தனி நீதிமன்றம் ஓராண்டு சிறைத் தண்டனை விதித்தது. அன்றைக்கு நடந்த கலவரத்தில்தான் தருமபுரியில் பஸ் எரிக்கப்பட்டு மூன்று மாணவிகள் இறந்தார்கள். மறு வருஷம் டிசம்பரில் உயர் நீதிமன்றம் அவரை விடுதலை செய்தது. அந்த மாணவிகள் கோவை வேளாண் பல்கலைக்கழகத்திலிருந்து கல்விச் சுற்றுலா வந்தவர்கள்.

லாட்ஜுக்கு லைசென்ஸ் இருக்கிறதா என்று போனில் கேட்டால் எல்லோரும் இருக்கிறது என்றுதான் சொல்வார்கள். அதைவிடச் சுலபமான சோதனை, “ஜிஎஸ்டி பில் கொடுப்பீங்களா?” என்பது. 2025 செப்டம்பர் 22 முதல் ஒரு நாளைக்கு 7,500 ரூபாய் வரை வாடகை உள்ள அறைகளுக்கு வரி 12 சதவீதத்திலிருந்து 5 சதவீதமாகக் குறைந்துவிட்டது. இன்னும் பழைய கணக்கே போடுகிறவர்களிடம் இதை எடுத்துச் சொல்லலாம். சின்ன ஹோம்ஸ்டேக்கள் ஜிஎஸ்டி வரம்புக்குள் வராமல் இருக்கலாம். அவர்களிடம் ரசீதாவது இருக்க வேண்டும். பெரிதாகச் செலவு செய்ய முடியாதவர்களுக்கு ஆனந்தகிரியில் ஒய்.டபிள்யூ.சி.ஏ. விடுதி இருக்கிறது, அரசின் ஓட்டல் தமிழ்நாடு இருக்கிறது. வீட்டில் யாராவது ரயில்வேயிலோ வங்கியிலோ எல்ஐசியிலோ வேலை பார்த்தால், முதலில் அவர்கள் ஹாலிடே ஹோம் காலியா என்று விசாரியுங்கள். அறை சாதாரணமாகத்தான் இருக்கும். ஆனால் அந்தக் காலத்துக் கட்டடங்களில் ஜன்னல் பெரிது, வெயில் தாராளம்.

போகும் வழி, தங்கும் இடத்தை ஓரளவு தீர்மானிக்கும். தண்டையார்பேட்டை மெட்ரோவில் ஏறினால் சென்ட்ரல், இரவு ஒன்பது மணி வாக்கில் நீலகிரி எக்ஸ்பிரஸ், விடிந்தால் மேட்டுப்பாளையம். அங்கே மலைரயிலைப் பிடித்தால் ஊட்டி சேர மதியம் ஆகிவிடும், செக்-இன் நேரத்துக்குச் சரியாக இருக்கும். பஸ்ஸில் ஏறினால் காலை ஒன்பதுக்கே போய் இறங்கி, மூட்டையோடு ரிசப்ஷன் சோபாவில் உட்கார்ந்திருக்க வேண்டும். ‘24 மணி நேர செக்-அவுட்’ தரும் லாட்ஜ் அவர்களுக்குத் தோது. சொந்த வண்டியோ வாடகை வேனோ என்றால் இ-பாஸ் வேண்டும். உயர் நீதிமன்ற உத்தரவுப்படி 2024 மே 7 முதல் நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் இது நடைமுறை. எத்தனை பேர், எத்தனை நாள், எங்கே தங்கல் என்று அதில் கேட்பார்கள். அதனால் ரூம் முதலில், பாஸ் பிறகு. ரயில், அரசு பஸ்ஸுக்கு இந்தத் தொல்லை இல்லை.

வேனில் போகிறவர்கள் பெரும்பாலும் மறந்துபோகும் ஆள், வேனை ஓட்டுகிறவர். பத்துப் பன்னிரண்டு மணி நேரம் ஓட்டி வந்து, பத்து டிகிரிக் குளிரில் சீட்டைச் சாய்த்துக் கண்ணாடியை ஏற்றிவிட்டுப் படுக்கிற டிரைவர்களை ஊட்டி பார்க்கிங்கில் எந்த இரவிலும் பார்க்கலாம். காலையில் வண்டி கழுவுகிற குழாயில் முகம் கழுவுவார்கள். அதே நாள் நம்மை தொட்டபெட்டாவுக்கும் பைக்காராவுக்கும் கூட்டிக்கொண்டு போக வேண்டியவர்களும் அவர்கள்தான். ஓட்டல், லாட்ஜுகளில் டிரைவர்களுக்குப் படுக்கை, கழிப்பறையோடு தனி இடம் இருக்க வேண்டும் என்று 2023-இல் தமிழ்நாடு அரசு கட்டட விதியையே திருத்தியது. கேட்டால் காட்டுவார்கள். கேட்கிறவர்கள் குறைவு.

எதிர்வீட்டு அக்கா நாற்பது படி லாட்ஜை விட்டுவிட்டார். அப்புறம் பேசிய இடத்தில் ரோட்டு மட்டத்திலேயே ரூம், கிழக்கு ஜன்னல், உள்ளே கீசர். வாடகை இருநூறு ரூபாய் கூட. வியூ என்று பார்த்தால் எதிரே ஒரு கேரட் தோட்டமும் யாரோ ஒருவர் வீட்டுத் தகரக் கூரையும். மருமகளுக்கு முகம் சுருங்கியது. அக்கா காதில் வாங்கவில்லை.

“டிரைவர் தம்பி எங்க படுக்கும்?”

“ரிசப்ஷனுக்குப் பின்னால ரூம் இருக்குங்க மேடம். கட்டில், கம்பளி எல்லாம் தந்துருவோமுங்க.”

“பாத்ரூம்?”

“இருக்குங்க. சுடுதண்ணியும் வருமுங்க.”

“ரைட்டு, அட்வான்ஸ் அனுப்புறேன். நம்பர் சொல்லுங்கோ.”

ஜிபேயில் நம்பரைப் போட்டதும் வந்த பெயரும் லாட்ஜ் பெயரும் ஒன்றாக இல்லை. அக்கா பணத்தை அனுப்பாமல் திரும்பவும் போன் போட்டார். பதில் திருப்தியாக இருந்திருக்க வேண்டும். முதலாளி பெயராம் அது. இருந்தாலும் லாட்ஜ் லெட்டர்பேடில் ரூம் நம்பரையும் தேதியையும் எழுதி, சீல் போட்டு, போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லிவிட்டு, அது வரும் வரைக்கும் போனைக் கையிலேயே வைத்துக்கொண்டிருந்தார்.

(தொடரும்)